நான் போட்ட பாதை

செடி வைப்பதற்கு முன் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? நர்சரியில் பூவைப் பார்த்ததும் வாங்கிவந்து கண்ட இடத்தில் குழி தோண்டிவிடுகிறார்கள். வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, வீட்டு ஆட்கள் எந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும். பல்லாண்டுச் செடிகளுக்கு இது ரொம்ப முக்கியம். ஒரு பருவத்துச் செடி விருந்தாளி மாதிரி, வந்துவிட்டுப் போய்விடும். பல்லாண்டுச் செடி வீட்டோடு தங்கப்போவது. தப்பான இடம் கொடுத்தால் ஆயுள் முழுக்க அவஸ்தை.

என் தோட்டத்து வரைபடத்தை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். அதிலுள்ள சிவப்புப் பென்சில் புள்ளிகள் என்ன என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

முப்பத்தொரு வருடம் நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்தவள் நான். ஓய்வு பெற்றதும் கொல்லைப்புறத்தை எடுத்துக்கொண்டேன். அப்பா விட்டுப்போன வீடு, எனக்கும் அண்ணனுக்கும் பொது. அண்ணி போன பிறகு அண்ணனும் இங்கேயே வந்துவிட்டார். மாடி அறையை ஒழித்து, திரையை மாற்றி, அவருக்குப் பிடித்த மாதிரி மேசையை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தேன். கூடப் பிறந்தவர் மேல் எனக்குப் பாசம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அவரிடம் ஒரே ஒரு குறை. பின்கதவைத் திறந்தால் பின்கேட்டுக்கு நேராக நடப்பார். நடுவில் கல்வாழைக் குருத்து இருந்தாலும் சரி, நேற்று நட்ட செம்பருத்தி இருந்தாலும் சரி, அவர் செருப்புக்கு எல்லாம் ஒன்றுதான். அவருக்காகவே பதினோரு கற்கள் பதித்து, பாத்திகளைச் சுற்றி வளைத்து ஒரு பாதை போட்டேன். ஒவ்வொரு கல்லும் அவர் எடுத்துவைக்கும் அடிக்கு அளந்து வைத்தது.

"பாதைல நடங்கண்ணா" என்றால், "ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்ச தூரம் நேர்கோடுதான் குட்டி. இத்தனை வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டு நானே மீறலாமா?" என்பார். கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பார். பத்து நாள் நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். மழை ஓயட்டும்னாரு, ஆறு வாரம் ஆகும். பின்னாடி முழுக்க சிமெண்ட் போட்டுடலாம். சேறு இருக்காது, பூச்சி வராது. நீயும் இந்த வயசுல குனிஞ்சு நிமிர வேண்டாம் பாரு."

"நான் வச்சதெல்லாம்?"

"தொட்டில நாலு வச்சுக்கோயேன்."

கெஞ்சினேன். அன்றைக்கும் கெஞ்சினேன், மறுநாளும் கெஞ்சினேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டு எழுந்து போனார். என் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அதன் பிறகு மூன்று வாரம் காலையில் மண்ணை ஈரமாக்கி வைத்தேன். அவர் நடந்து போனதும் டேப்பைப் பிடித்து ஒவ்வொரு காலடியையும் அளந்து படத்தில் ஏற்றினேன். அந்தப் புள்ளிகள்தான் இவை. மனிதர் சொன்ன சொல் தவறவில்லை, கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. கொல்லை நடுவில் ஒரு வறண்ட கிணறு உண்டு. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அப்பா கல்பலகை போட்டு மூடி மண்ணைத் தள்ளிவிட்டார். அண்ணனுடைய கோடு அதன் மேல்தான் போயிற்று.

சிநேகிதரைப் பார்க்க அவர் நாலு நாள் வெளியூர் போனார். இரண்டு ஆட்களை வைத்து அந்தப் பலகையைப் பெயர்த்து, பின்கதவை ஒட்டியிருந்த செம்பருத்திக்குப் பக்கத்தில் பெஞ்சாகப் போட்டேன். "கிணத்தை அப்படியே விடலாமாம்மா?" என்று ஒருவர் கேட்டார். நான் மூடிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மெல்லிய ப்ளைவுட், அதன் மேல் ஒரு சாண் மண், அதில் தரையோடு படரும் மஞ்சள் பூச்செடி. மற்ற பாத்தியெல்லாம் இரண்டடி ஆழம், இது மட்டும் ஏன் ஒரு சாண் என்று உங்கள் ஆள் கேட்டார். அந்தச் செடிக்கு வேர் ஆழம் போகாது, ஒரு சாண் போதும். ஆள் எடை தாங்குமா என்று நான் சோதிக்கவில்லை. தாங்காது என்று தெரிந்ததை எதற்குச் சோதிப்பது?

திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து, "ஜம்முனு இருக்கே, எங்க பிடிச்ச?" என்றார். அதற்கப்புறம் ஐந்து நாள் விடாத மழை. அவர் முன்வாசல் வழியாகவே போய்வந்தார். நான் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு காலையிலும் பாதையில் நடங்கள் என்று சொன்னேன், மேடம். ஒருநாள்கூட மறக்கவில்லை.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை, மழை விட்டிருந்தது. பின்கதவைத் திறந்தார். முதல் கல்லில் கால் வைத்தார். இரண்டாவது, மூன்றாவது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாசல்படிவரை வந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்கோ, நடந்துட்டேன்ல? போதுமா?" என்று சிரித்துவிட்டு, கல்லை விட்டு இறங்கி நேராக நடந்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. நான் கிட்டே போய் நின்றேன். கால் முறிந்துவிட்டது என்றார். ஏணி கொண்டுவா, யாரையாவது கூப்பிடு என்றார். மதில் உயரம், கிணற்றுக் குரல் தெருவரை போகாது. நான் பக்கத்துப் பாத்தியில் சாய்ந்து கிடந்த நாற்றுகளுக்கு மண் அணைக்க ஆரம்பித்தேன். மழைக்கு அப்புறம் அதை உடனே செய்தாக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மாறியது. "குட்டி, இனிமே பாதையிலயே நடக்கறேன்டி. சத்தியமா" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிடமே அவரை மன்னித்துவிட்டேன். இத்தனை நாள் நான் கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தானே.

திங்கட்கிழமை அதே ஆட்களை வரவழைத்துப் பலகையைப் பழைய இடத்தில் போட்டேன். உள்ளே தெரியாதபடி இலைக்குப்பையைக் கொட்டியிருந்தேன். அவர்கள்தான் சந்தேகப்பட்டு உங்களிடம் வந்தார்கள் என்று தெரியும், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் உயிரோடு வைத்து மூடினேன் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். சனிக்கிழமை முழுக்க அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன், ஞாயிறு சாயங்காலம்வரை குரல் கேட்டது. அது நிற்கும்வரை நான் காத்திருந்தேன், மேடம். அண்ணன் உள்ளே உயிரோடு இருக்கும்போது கல்லைப் போட்டு மூட எனக்கு மனசு வருமா?