திறக்காத விலை

—திறக்காத வரைக்கும் அந்த மெயில் எனக்கு வரல, ஜோலின். அவ்வளவுதான்.

—அனுப்பிட்டேன்னு அந்தப் பொம்பள ஏஜென்ட் ஃபோன்ல சொன்னாளே. நீதான் ஸ்பீக்கர்ல போட்டே. நானும் கேட்டேன்.

—அனுப்புறது அவ வேலை. பாக்குறது என் வேலை. நான் இன்னைக்கு பிஸி.

—என் அடுப்படியில உக்காந்து என் சூப்ப ரெண்டாவது கிண்ணம் ஊத்திக்கிட்டு இருக்கே. இதுக்குப் பேரு பிஸியா?

—கீழ ஹீட்டர் சரியில்ல.

—மேலயும்தான் சரியில்ல. வீட்டு ஓனர்கிட்ட சொல்லி மூணு வாரமாச்சு. அவன் காதுல வாங்கினாத்தானே.

—ஓனர் தம்பி பாவம், புதுசா வீடு விக்குற ஏஜென்ட் லைசன்ஸ் வாங்கினவன். இன்னும் ஒரு வீடு கூட விக்கல. இன்னைக்கு சாயங்காலம் விக்கப் போறான். அதுக்கப்புறம் உனக்கு ஹீட்டரும் உண்டு, சூப்புக்கு உப்பும் உண்டு.

—வெண்ட்லிங் கிழவரோட வீட்டத்தானே?

—வேற எது? கணக்குப் போட்டுப் பாரு. வித்துக் குடுக்குற ஏஜென்ட் நான். வாங்குற கம்பெனியும் நான். கமிஷனும் வீடும் ஒரே நாள்ல. கிடங்குல ராத்திரி முழுக்க அட்டப்பெட்டி தூக்கிக்கிட்டு ஹெட்ஃபோன்ல கேட்டேனே ஒரு ஆளோட பேச்சு, அவன் இதத்தான் சொல்லுவான். முதல் வீட்டுல கீழ இரு, மாடிய வாடகைக்கு விடு, அந்த வாடகைய வெச்சு ரெண்டாவத வாங்கு. டொலீடோ மாதிரி ஊர்ல இத செய்யத் தெரியாதவன் முட்டாள்.

—மாடின்னா நான்.

—நீதான். உன் வாடகைய வெச்சுத்தான் பேங்க்காரன் எனக்கு ரெண்டாவது லோனே தர்றான். பெருமப்பட்டுக்கோ.

—ஜனவரியில ஏத்துனப்பவே பட்டுட்டேன்.

—அக்காங்குறதால பாதிதான் ஏத்துனேன்!

—மறக்கல. சொந்தம்னு சொல்லிக்கிட்டு உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

—பாத்தியா, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குறே. இது வியாபாரம், ஜோலின்.

—சரி. அப்ப வியாபாரமே பேசுவோம். அந்த மெயில்ல இருக்குற விலை உன் கம்பெனி விலைய விட அதிகமா?

—உங்க கையில இருக்குறத விட மேலன்னு அந்த ஏஜென்ட் சொன்னா. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

—திறந்தா தெரிஞ்சுடும்.

—திறந்தா கிழவர்கிட்ட காட்டணும். காட்டுனா அவர் அத எடுத்துப்பார். ஆறு மணிக்குள்ள விலை சொல்லணும்னு கெடு வெச்சிருக்கேன். ஆறு தாண்டட்டும், அப்புறம் மெயில் சரியா வேலை செய்யலன்னு சொல்லிக்கலாம்.

—வர்ற விலையெல்லாம் வித்துக் குடுக்கச் சொன்னவர்கிட்ட காட்டியே ஆகணும். லைசன்ஸ் பரீட்சைக்கு உன்னை உக்கார வெச்சு இந்தக் கேள்வியக் கேட்டவளே நான்தான். அட்டை அட்டையா எழுதி.

—அந்தப் பரீட்சைய ரெண்டு தடவ எழுதுனவன் நான். எனக்குத் தெரியாதா?

—அந்தக் கம்பெனி நீதான்னாவது சொன்னியா அவர்கிட்ட?

—ஒப்பந்தப் பேப்பர்ல இருக்கு.

—அவருக்குப் படிக்குற கண்ணாடி உடைஞ்சு ஒரு மாசமாச்சு. நான்தான் தினமும் ராத்திரி அந்த முதியோர் இல்லத்துல அவருக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறேன். உனக்கு இந்த வீட்டக் காட்டிக் குடுத்ததும் நான். என் தம்பி நல்லவன், ஏமாத்த மாட்டான்னு.

—நான் ஏமாத்தலயே. நியாயமான விலைதான் குடுக்குறேன்.

—இன்னொருத்தர் அதிகமா குடுக்குறாங்களே.

—யாரு? முதல் வீடு வாங்குற ஏதோ ஒரு கூட்டம். கையில கொஞ்சூண்டு காசு, மீதி கடன். கடைசி நேரத்துல பேங்க் கைவிரிச்சுடும். கிழவர் நடுத்தெருவுல நிப்பார்.

—நீயும் அப்படித்தானே இந்த வீட்ட வாங்குனே.

—நான் வேற. எனக்குத் திட்டம் இருக்கு. அங்க நாலு ரூம். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பூட்டு. மூணு மாசத்துக்கு வர்ற வெளியூர் நர்ஸுகளுக்கு ரூம் ரூமா விடுவேன். ஹாலுக்கு நடுவுல தடுப்புச் சுவர் போட்டா அஞ்சு.

—அப்ப நாங்க?

—நீங்க இங்கயேதான். எங்க போகப் போறே? மேபலுக்கு அந்த சோபா பழகிடுச்சு.

—என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு, கர்ட். கால் வெளிய தொங்குது.

—வளர்ற பிள்ள, தொங்கத்தான் செய்யும். இரு, இரு. கிழவர்தான் கூப்புடுறார். சத்தம் போடாத... ஹலோ, மிஸ்டர் வெண்ட்லிங்! எப்படி இருக்கீங்க?

—கொஞ்சம் சத்தமாப் பேசுப்பா கர்ட், இந்தக் காது மெஷின் கீச்சுங்குது. வேற யாராவது கேட்டாங்களா?

—இதுவரைக்கும் என் கண்ணுல ஒண்ணும் படல சார்.

—படலயா. போன ஞாயித்துக்கிழமை வீட்டத் திறந்து காட்டுனோமே, அப்ப கூட யாரும் பிடிச்சிருக்குன்னு சொல்லலயா?

—வந்தாங்க, குக்கீஸ் தின்னாங்க, போனாங்க.

—ஹா! என் பொண்டாட்டி இருந்திருந்தா தட்ட ஒளிச்சு வெச்சிருப்பா. ஒரு குடும்பம் வந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன்ப்பா. தோட்டத்துல தக்காளிப் பாத்தி சும்மா கிடக்கு.

—குடும்பமா, தனி ஆளான்னு பாத்து விக்கக் கூடாது சார். சட்டம் இருக்கு. நான் அதுல ரொம்பக் கண்டிப்பு.

—அது சரி, அது சரி. நீ படிச்சவன். அந்தக் கம்பெனிக்காரங்க ஆளு எப்படி?

—பொறுப்பானவங்க சார். வீட்ட நல்லா வெச்சுப்பாங்க.

—அப்ப அவங்களுக்கே போகட்டும். இங்க வேலை செய்யுற பொண்ணு ஒரு கம்ப்யூட்டர் பலகைய நீட்டிக்கிட்டு நிக்குறா, விரலால கிறுக்கணுமாம். இங்கயாம்மா? இங்கயா? ...ஆச்சு. இது என் கையெழுத்துன்னு யாரு நம்புவா? கர்ட், உங்க அக்காகிட்ட சொல்லு, ராத்திரி வரும்போது சேதி சொல்றேன்னு. அவதான் அடிக்கடி கேட்டுக்கிட்டே இருப்பா, வீடு என்னாச்சு, வீடு என்னாச்சுன்னு.

—சொல்றேன் சார். நல்லாத் தூங்குங்க... வெச்சுட்டார். ஜோலின்! கையெழுத்து வந்தாச்சு! ஆறும் ஆயிடுச்சு! ஏன் இப்படி நிக்குறே? சிரிச்சுத் தொலையேன்.

—அவர்கிட்ட பொய் சொன்னே.

—கண்ணுல படலன்னுதான் சொன்னேன். நிஜமா படலயே. எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும்.

—நான் இன்னைக்கு ராத்திரி அவர் மூஞ்சியில முழிக்கணும்.

—முழி. சந்தோஷமா இருப்பார். அவருக்கு என்ன தெரியும்? தெரிஞ்சது நீயும் நானும். நீ வெளிய சொல்ல மாட்டே. என் லைசன்ஸ் போனா யார் வீட்டுல இருப்பே?

—கர்ட், இப்பவாவது அத ஒரு தடவ திறந்து பாரு.

—எதுக்கு?

—யாருன்னு பாரு. இன்னும் அவருக்குத் திருப்பி ஃபோன் போடலாம். தப்பு நடந்துடுச்சு, இன்னொரு விலை இருக்குன்னு சொல்லலாம். அவர் கோவப்பட மாட்டார்.

—உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? இதுக்குத்தான் உன்னால முன்னேற முடியல. நாலு காசு சேத்தோமா, அடுத்தவனப் பத்திக் கவலைப்படாம இருந்தோமான்னு இல்ல.

—நாலு காசு சேத்துட்டுத்தான் இருந்தேன். நாலு வருஷமா, ஞாயித்துக்கிழமை கூட விடாம.

—நல்லது, பத்திரமா வெச்சுக்கோ. மேபல் காலேஜுக்கு ஆகும். இத விட்டு வெச்சா ஆபத்து, அழிச்சுடுறேன். இதோ... போச்சு. குப்பைக் கூடையிலயும் போச்சு.

—திறக்காமலே.

—திறந்தா மனசு கெட்டுடும். இந்த மாதிரி ஆளுங்க கூடவே ஃபோட்டோ அனுப்புவாங்க. குழந்தைய நடுவுல நிக்க வெச்சு, எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு. அதப் பாத்துட்டு வியாபாரம் பண்ண முடியுமா?

—ஃபோட்டோ வெக்கல.

—உனக்கு எப்படித் தெரியும்?

—மேபல்தான் வேண்டாம்னா. மாமாவுக்கு நம்ம மூஞ்சி தெரியும், எதுக்கு ஃபோட்டோன்னா.