வேலை செய்தவன் சீட்

வலது தோள் கழன்று விழுவது போல் வலிக்கிறது. முப்பது வருஷம் வெல்டிங் அடித்தவனுக்கு இது வராவிட்டால்தான் அதிசயம். கையை மேலே தூக்கச் சொல்லாதீர்கள், மற்றபடி கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

பெருந்துறை விபத்தில் வண்டியை ஓட்டியது டிரைவர் அப்புசாமி என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறார். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

என் பெயர் ஏசுவடியான். வீடு கருமத்தம்பட்டி, பட்டறை உக்கடம். என் மனைவி ஜெபராணி தறி ஓட்டினாள். தொண்ணூற்று நாலில் ஷிப்டு முடிந்து ரோட்டோரமாக நடந்து வந்தவளை ஒரு கான்டஸா கார் அடித்துப் போட்டுவிட்டு, நிற்காமல் போனது. மில் முதலாளி வரதராஜுலுவின் வண்டி. ஓட்டியது தானே என்று அவர் டிரைவர் அப்புசாமி கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். கோர்ட் வாசலில் அவர் முகத்தில் காறித் துப்பினேன். துண்டால் துடைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தி அதே வண்டி என் பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தது முதலாளி மகன் சசிதர். கோர்ட்டுப் பக்கமே தலை காட்டாதவர், என்னை அவருக்குத் தெரியாது. ஜப்பான் வீடியோ கேசட் ஒன்றைப் பார்த்திருக்கிறார். திருப்பத்தில் வண்டி வாலை வீசிக்கொண்டு வழுக்கிப் போக வேண்டுமாம். டிரிஃப்ட் என்றார். வண்டி மேல் எனக்குக் கோபமில்லை, இரும்பு என்ன செய்யும். வேலையை ஒத்துக்கொண்டேன்.

பின்சீட்டைக் கழற்றிப் போட்டேன். பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும்படி அச்சுக்குள் பல்சக்கரங்களைப் பற்றவைத்தேன். கைபிரேக்குக்கு முழநீளக் கம்பி. நல்ல வேலை, யாரும் குறை சொல்ல முடியாது. பானெட்டைச் சுரண்டியபோது பெயின்டுக்கு அடியில், நசுங்கலை மறைக்கிற பட்டி கனமாகப் பூசியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அதுங்களாண்ணா? தொண்ணூத்தி நாலுல கருமத்தம்பட்டிகிட்ட ஒரு நாய் குறுக்க வந்துருச்சுங்க. நாந்தான் ஓட்டிட்டு வந்தேன். அப்பறம் ஒரு வருசம் அப்பா சாவியவே கண்ணுல காட்டலீங்க" என்று சிரித்தார்.

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

மிச்சம் இருந்தது முன்சக்கரம். இந்த மாதிரி வண்டிக்கு அது சாதாரணத்தை விட அதிகமாகத் திரும்ப வேண்டும். அதற்கு, சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையை, ஸ்டியரிங் ஆர்ம் என்பார்கள், அதை வெட்டி, நீளம் குறைத்து ஒட்டவேண்டும். ஒட்டினேன். மேலே பார்த்தால் மீன்செதில் அடுக்கியது போல அழகான வெல்டு. உள்ளே இரும்பை இரும்பு பிடிக்கவில்லை. நேராக ஓட்டினால் தாங்கும். வேகத்தில் முழுசாகத் திருப்பினால் தாங்காது.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ஓட்டத்தில் வேலை செய்தவன் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். மாட்டேன் என்றால் வேலையில் கோளாறு என்று அர்த்தம். போன ஞாயிறு காலை, பெருந்துறையில் ஆலை எதுவும் வராத தொழிற்பேட்டை ரோட்டில், சசிதர் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஏறுங்கண்ணா. உங்க வேலை மேல உங்களுக்கே பயமுங்களா?"

தோள் வலி, பெல்ட் போட முடியாது என்றேன். அவர் சாவியைத் திருப்பாமல் என்னையே பார்த்தார். தண்ணீர் கேனோடு நின்றிருந்த அப்புசாமி கிட்டே வந்தார். ஜெயிலிலிருந்து வந்தும் அதே வீட்டில்தான் வேலை. என்னை அவருக்குத் தெரியும்.

"ஏனுங்க, நோவோட எதுக்குங்க? நீங்க இருங்க, நான் உக்காந்துக்கறேன். உங்களுக்கு நான் ஒண்ணுமே செஞ்சதில்லீங்களே" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சசிதர் இறங்கிவிடுவார். அப்புசாமி ஏறி உட்கார்ந்தார். அவர் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. திறந்து, நானே இன்னொரு தடவை அழுத்திச் சாத்திவிட்டேன்.

மூன்றாவது திருப்பத்தில் வெல்டு விட்டது. வண்டி இடப்பக்கமாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடித்தது. அப்புசாமி அங்கேயே முடிந்துபோனார். சசிதருக்குக் கால் முறிவு. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, ஓட்டியது டிரைவர் என்று இந்தத் தடவையும் சொல்லியிருக்கிறார்.

அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே மனுசன் மேல் இரண்டு தடவை பொய்ப்பழி போடலாமா? எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டியது சசிதர். வெல்டு விடும்படி செய்தது நான், அது சசிதருக்காகச் செய்தது. அப்புசாமியை நான் ஒன்றும் செய்யவில்லை. கோர்ட் வாசலில் துப்பியதற்கு மட்டும் அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. அவருக்கு என் பாக்கி அது ஒன்றுதான்.