சாயங்காலம் யாருக்கு?

விக்டோரியா: ...அதான் லீவு சொல்லிட்டேன்னு சொல்றேன்ல யக்கா. கொஞ்சம் மெதுவா நட. மூச்சு வாங்குது.

முத்தம்மா: மேஸ்திரி லீவு குடுத்தாரா? எமர்ஜென்சி வந்ததுலேர்ந்து லீவுன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறாரே.

விக்டோரியா: வயித்து வலின்னு சொன்னேன். மெதுவா நட யக்கா...

முத்தம்மா: மெதுவா நடந்தா அதுக்குப் பேரு நடையா? வேர்க்க வேர்க்க நடக்கணும்னு டாக்டரம்மா சொல்லிக்கீது. நீ வோணும்னா மதகாண்ட குந்திக்கினு இரு. ஏரிக்கரை முடியற வரிக்கும் போயிட்டு நானே வரேன்.

விக்டோரியா: குந்தறதுக்கா திருவள்ளூர்லேர்ந்து காக்களூரு வரிக்கும் வந்தேன்? உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்.

முத்தம்மா: கம்பெனில கேக்கறது. பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரிக்கும் ஒரே மேசைல தானே பல்பு டப்பா கட்டிக்கினு கீறோம்.

விக்டோரியா: அங்க பக்கத்து மேசை கிரேஸ் காத நீட்டிக்கினு இருப்பா. ...யக்கா, ஷிப்ட மாத்திக்கலாமா?

முத்தம்மா: இன்னாது?

விக்டோரியா: நான் ஆறு மணிக்கு வந்து ரெண்டு மணிக்குப் போறேன். நீ பதினொண்ணுக்கு வந்து ஏழுக்குப் போ. ஒரு மேசை ஜோடிக்குள்ள மாத்திக்கினா மேஸ்திரி ஒண்ணியும் சொல்லமாட்டாரு. நான் பேசிக்கிறேன்.

முத்தம்மா: ஓஹோ. அப்ப சாயங்கால நடை உனுக்கு. காலைல நடை எனுக்கு.

விக்டோரியா: ஆமா.

முத்தம்மா: இன்னா, மகாராணிக்கு காலைல எழுந்துக்க சோம்பலா கீதா?

விக்டோரியா: சோம்பலா? மாசி மாசத்துலேர்ந்து ஒரு நாள் தப்பினேனா, கேளு யாரையாவது. அஞ்சரை மணிக்கு எழுந்து, பச்சத் தண்ணி பல்லுல படாம, இதே கரை, இதே தூரம். கால்ல கொப்புளம் வந்தப்பக் கூட துணிய சுத்திக்கினு நடந்தேன்.

முத்தம்மா: அப்பறம் இன்னாடி பேஜாரு?

விக்டோரியா: காலைல இந்தக் கரைல ஆம்பளைங்க சொம்ப வெச்சிக்கினு வரிசையா குந்தினு கீறானுங்க. தலையக் குனிஞ்சிக்கினே நடக்க வேண்டியதா கீது. கழுத்து வலிக்குது.

முத்தம்மா: நாலு மாசமா குந்தினு தானே கீறானுங்க. இன்னிக்குத் தான் கழுத்து வலிக்குதா?

விக்டோரியா: நாயி வேற தொரத்துது.

முத்தம்மா: ஏன், சாயங்காலம் ஆனா நாயெல்லாம் ஷிப்டுக்குப் போயிடுதா?

விக்டோரியா: நீ கிண்டல் பண்ணு. உனுக்கு இன்னா.

முத்தம்மா: பின்ன இன்னாடி... நீ பேசறது நல்லாவா கீது? டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் நிக்க வெச்சி இன்னா சொல்லிச்சி? ரெண்டு பேரும் எம்பது கிலோவுக்கு மேல. ரெண்டு பேருக்கும் மூத்திரத்துல சர்க்கரை. ஒருத்தி வெறும் வயித்துல காலைல நட, ஒருத்தி ராத்திரி சோத்துக்கு முன்னால சாயங்காலம் நட, எந்த வேளை நடந்தா ஒடம்பு கேக்குதுன்னு பாப்போம்னு சொல்லிச்சா இல்லியா?

விக்டோரியா: சொல்லிச்சி.

முத்தம்மா: பாத்தாச்சி. வாரா வாரம் வியாழக்கிழமை ரெண்டு மூத்திர பாட்டிலும் உன் கைல ஆஸ்பத்திரிக்குப் போவுது. கம்பவுண்டரு மருந்து ஊத்திக் காய்ச்சறாரு. சர்க்கரை இல்லன்னா நீலமாவே நிக்குது, ரொம்ப இருந்தா செங்கல் கலராப் போவுது. உன்னுது நீலம். என்னுது செங்கலு. காலைல நடை ஜெயிச்சிடுச்சி. ஜெயிச்சத குடுத்துட்டு தோத்தத எவளாவது கேப்பாளா?

விக்டோரியா: தோத்தவ ரவிக்கைய ஒரு தடவ பாத்துக்க.

முத்தம்மா: ரவிக்கைக்கு இன்னா?

விக்டோரியா: தோள்ல நிக்கமாட்டேங்குது. வளையலு முழங்கை வரிக்கும் ஏறுது. பொடவைல கொசுவம் ரெண்டு கூட வந்துக்கீது. மாசி மாசம் நம்ம ரெண்டு பேரும் ஒண்ணா பஸ்ல ஏறினா கண்டக்டரு இன்னா சொல்லுவாரு?

முத்தம்மா: நாலு டிக்கெட்டு வாங்குங்கம்பாரு, அந்தக் கட்டைல போறவன்...

விக்டோரியா: இப்ப என்னிய மட்டும் தான் சொல்றாரு.

முத்தம்மா: கண்ணு வெக்காதடி.

விக்டோரியா: வெச்சிக்கினு தான் கீறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நீ குனிஞ்சி டப்பா எடுக்க சொல்ல உன் இடுப்பத் தான் பாத்துக்கினு இருப்பேன். வயிறு எரியும். ஏசுவே, இது பாவம்னு வேண்டிக்கினு, மறுபடியும் பாப்பேன். ஒரே டாக்டரு, ஒரே கரை, ஒரே தூரம். உன் ஒடம்பு மட்டும் சொன்ன பேச்சு கேக்குது. என்னுது குந்தின எடத்துலயே குந்திக்கினு கீது.

முத்தம்மா: எடை எறங்காட்டி இன்னா. உனுக்கு நீலம் வருதில்ல, அது போதும். வேகமா வா. இருட்டறதுக்குள்ள திரும்பணும்.

விக்டோரியா: சாயங்காலத்த குடு யக்கா.

முத்தம்மா: குடுக்கமாட்டேன்.

விக்டோரியா: உனுக்குத் தான் செங்கலு வருதே. காலைல நடந்தா உனுக்கும் நல்லது தானே? நல்லதுக்குத் தானே சொல்றேன்...

முத்தம்மா: என் நல்லது எனுக்குத் தெரியும். இதப் பாரு. ஊட்டுல ஏழு பேரு. காலைல கண்ணு முழிச்சா முத்தம்மா தண்ணி, முத்தம்மா நாஷ்டா, முத்தம்மா என் சட்டை எங்க. கம்பெனிக்கு வந்தா மேஸ்திரி கூப்புடறாரு. திரும்பிப் போனா மாமியாரு. இந்த ஒரு மணி நேரந்தாண்டி என் பேர ஒருத்தரும் சொல்றதில்ல. என் ஊட்டுக்காரரு சுப்பராயன் கூட வாய மூடிக்கினு கீறாரு. ஏன், டாக்டரம்மா சீட்டு எழுதிக் குடுத்துக்கீது. மருந்துன்னா உடறாங்க. சும்மா ஏரிக்கரைக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிப் பாரு, கால ஒடிப்பாங்க.

விக்டோரியா: காலைல நடந்தாலும் மருந்து தானே?

முத்தம்மா: இப்ப நாலு மணிக்கே எழுந்து அடுப்பு வேலைய முடிச்சிட்டு ஷிப்டுக்கு வரேன். பதினொண்ணுக்குத் தான் வேலைன்னா, காலைல நடக்க உட்டுட்டு அடுப்ப யாரு பத்த வெப்பாங்க? ரெண்டு நாள் உடுவாங்க. மூணாம் நாளு, நடந்தது போதும் தோச சுடுன்னு சொல்லுவாங்க. அதோட முடிஞ்சிது.

விக்டோரியா: நாலு புள்ளைங்க கூப்புடுதுன்னு அலுத்துக்கற.

முத்தம்மா: அத்த ஏன் இப்ப இழுக்கற...

விக்டோரியா: இழுப்பேன். என்னிய கூப்புட எவுரு கீறாங்க? மொதல்து எட்டாம் மாசம் போச்சி. ரெண்டாவதுக்கு பத்து மாசமும் முடிஞ்சி, வலி எடுத்து, நாலு கிலோ கீது கொழந்தைன்னு நர்ஸ் சொல்லிச்சி. அழவே இல்ல. ரெண்டும் கல்லறைல பக்கத்துல பக்கத்துல கீது. என் ஊட்டுக்காரரு யேசுதாஸ் ஞாயித்துக்கிழமை தவறாம போயி புல்லப் பிடுங்கிட்டு வராரு.

முத்தம்மா: தெரியும்டி... தெரியும்.

விக்டோரியா: சர்க்கரை இருந்தா கொழந்த பெருத்துப் போயி உள்ளயே அப்பிடி ஆவலாம், மொதல்ல அத்த எறக்கு, அப்பறம் தரிச்சிக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிச்சி. நான் அதுக்கு நடந்தேன். நீ காத்து வாங்க நடந்த. நீயே சொல்லு யக்கா. நியாயமா யாருக்கு நீலம் வரணும்?

முத்தம்மா: உனுக்குத் தானேடி வருது. இன்னா நின்னுட்ட? கல்லு குத்திச்சா?

விக்டோரியா: அது உன்னுது.

முத்தம்மா: எது?

விக்டோரியா: நீலம். உன்னுது யக்கா. செங்கலு தான் என்னுது. திட்டிடு. அடிக்கணும்னா அடி. பேசாம மட்டும் இருக்காத.

முத்தம்மா: எத்தினி தடவ?

விக்டோரியா: மொத அஞ்சு வாரம் ஒழுங்காத் தான் கொண்டு போனேன், சத்தியமா. உன்னுது மஞ்சளாச்சி, பச்சையாச்சி, அஞ்சாவது வாரம் நீலம். என்னுது செங்கலு... செங்கலு... செங்கலு. அந்தக் கம்பவுண்டரு வேற ரெண்டு குழாயையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி, பாருங்கம்மான்னு காட்டுவாரு. இன்னாத்த பாக்கறது? எனுக்கு அப்பிடியே கையாலத் தட்டி உடணும் போல வரும்.

முத்தம்மா: ம்.

விக்டோரியா: ஆறாவது வாரம், கம்பெனி வாட்ச்மேன் ஆதிகேசவனாண்ட நீ குடுத்துட்டுப் போன பாட்டில வாங்கிக்கினேன். ரயில் ஸ்டேஷனாண்ட ஓரமா நின்னேன். உன் பாட்டிலு கழுத்துல வெள்ளை நூலு, என்னுதுல செவப்பு நூலு... கழட்டி மாத்திக் கட்டிட்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் நல்ல பேரு வாங்கிக்கலாம்னு தான் நெனச்சேன் யக்கா. டாக்டரம்மா சிரிச்சிச்சி. தோள்ல தட்டி, சபாஷ் விக்டோரியான்னு சொல்லிச்சி. அத்தக் கேட்டப்பறம் நிறுத்த முடில.

முத்தம்மா: அப்ப எல்லா வாரமுமா?

விக்டோரியா: எல்லா வாரமும்.

முத்தம்மா: செஞ்சத செஞ்ச... அப்பிடியே இருக்கறது தானே. இன்னிக்கு வந்து ஏன் சொல்ற?

விக்டோரியா: சித்திரைல டாக்டரம்மா என் ஊட்டுக்காரர கூட்டினு வரச் சொல்லிச்சி. சர்க்கரை சுத்தமா எறங்கிடுச்சி, இனிமே கொழந்தைக்குப் பாக்கலாம்னு அவராண்டயே சொல்லிடுச்சி. அன்னிக்கு சைக்கிள்ல ஊடு வரிக்கும் பாடிக்கினே வந்தாரு. அவரு பாடி நான் கேட்டதே இல்ல. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வேணாம்னு சொல்றது?

முத்தம்மா: விக்டோரியா... நீ...

விக்டோரியா: நாப்பத்தஞ்சு நாளாச்சி.

முத்தம்மா: அய்யோ.

விக்டோரியா: போன வியாழக்கிழமை கம்பவுண்டரு உன் பேரச் சொல்லி காட்டினாரு பாரு, அது என் செங்கலு. முன்ன விட கறுப்பா கீது. யக்கா, இதுவும் அப்பிடியே ஆயிடும். அதுக்குள்ள எறக்கணும். உன் ஒடம்புல சாயங்காலம் தானே எறக்கிச்சி? எனுக்கும் எறக்கும்ல? எனுக்குப் பொறாம தான். ஒத்துக்கறேன். ஆனா இப்ப பொறாமைல கேக்கல. குடு யக்கா.

முத்தம்மா: நடை மட்டும் போதாதுடி இப்ப. நாளைக்கே டாக்டரம்மாவாண்ட சொல்லணும்.

விக்டோரியா: சொன்னா சீட்டக் கிழிச்சிப் போட்டுட்டு வெளிய தள்ளும்.

முத்தம்மா: தள்ளாது. திட்டும். திட்டிட்டு ஊசி போடும், வேற வைத்தியம் பாக்கும். ரெண்டு மாசம் கூட ஆவல. நானும் கூட வரேன்.

விக்டோரியா: நீ எதுக்கு...

முத்தம்மா: வரேன்னு சொன்னா வரேன். ஷிப்டயும் மாத்திக்கோ. மேஸ்திரியாண்ட நானே சொல்றேன். நாளைலேர்ந்து சாயங்காலம் உன்னுது.

விக்டோரியா: யக்கா... உனுக்கு என் மேல கோவமே வர்லியா?

முத்தம்மா: நட. இருட்டுது.

விக்டோரியா: இரு. இரு யக்கா. அந்த மாத்திரை... செங்கல் கலருன்னு உனுக்கு வேளைக்கு ஒண்ணுன்னு மாத்திரை குடுத்துச்சே. சர்க்கரை இல்லாதவங்க முழுங்கினா மயங்கி விழுவாங்கன்னு கம்பவுண்டரு யாராண்டயோ சொல்லிக்கினு இருந்தாரு. அத்தக் கேட்டதுலேர்ந்து எனுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மேசைக்கு எதுருல நீ கொஞ்சம் கண்ண மூடினா கூட எனுக்கு திக்குங்கும். மூணு மாசமா முழுங்கிக்கினு கீறியே, உனுக்கு ஒண்ணியும் ஆவலியா?

முத்தம்மா: ஆவல.

விக்டோரியா: எப்பிடி?

முத்தம்மா: முழுங்கல. ஒண்ணு கூட.

விக்டோரியா: டாக்டரம்மா குடுத்தத... ஏன் யக்கா முழுங்கல?

முத்தம்மா: நீ மாத்தின மொத வாரம் பாட்டிலு திரும்பி என் கைக்கு வந்தப்பவே தெரியும்டி. வெள்ளை நூலுல உன் எடது கை முடிச்சு. ஆறு வருசமா எதுருல நின்னு பல்பு டப்பாவுல நீ போடற சணல் முடிச்சப் பாத்துக்கினு கீறவ எனுக்குத் தெரியாதா? அன்னிக்கே டாக்டரம்மாவாண்ட போயிருக்கணும். போயிருந்தா சாயங்காலம் தான் ஒசத்தின்னு உன்னிய இந்தப் பக்கம் மாத்தும், என்னிய பதினொண்ணுக்குத் தள்ளுவாங்க. உன் கொழந்தைங்க நெனப்பு எனுக்கு வராம இல்ல. வந்துச்சி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வந்துச்சி. வந்தும் வாய மூடிக்கினு, செருப்ப மாட்டிக்கினு, இந்தக் கரைக்கு நடந்து வந்தேன்.