மூன்று வெள்ளைக் கொக்குகள்

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், ஐயா. இங்கிலாந்துப் படையில் என்னைக் கட்டியக்காரனாகச் சேர்த்துக்கொண்டதே அதற்காகத்தான். போர் முடிந்ததும் களத்தில் இறங்கி, அங்கியில் உள்ள சின்னத்தைப் பார்த்து, இறந்த வீரர் இன்னார் என்று ஏட்டில் ஏற்றுவேன். முகத்தை நம்ப முடியாது. கோடரி பட்ட முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் எழுதியதைப் பிரெஞ்சுக்காரனும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வான். அந்தப் பெயரைச் சம்பாதிக்க எனக்கு இருபது வருடம் பிடித்தது.

அன்றைக்குச் சேற்றில், செத்த குதிரையின் அடியில் ஒரு சிவப்பு அங்கி. அதில் மூன்று வெள்ளைக் கொக்குகள். பிரெஞ்சுப் படையின் பிரேல் கோட்டை ஆங்கெரான் இறந்தார் என்று எழுதி, எங்கள் பிரபுவின் கூடாரத்தில் வாசித்தேன். அவர் எழுந்து நின்று, "நல்ல எதிரிப்பா அவன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மைக்கொம்பைக் களத்திலேயே மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பிப் போனால், கொக்கு அங்கிக்காரர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். வலது கையின் இரும்புறையைக் கழற்றி நீட்டினார். சரணடைகிறவர்கள் அப்படித்தான் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டால் அந்த உயிர் நம் பொறுப்பு.

"கட்டியக்காரரா? அப்பாடா, பொழச்சேன். நீங்க ஆயுதம் தொட மாட்டீங்களே."

தொட மாட்டேன்தான். ஆனால் ஒரு பெயர் தப்பென்றால் மற்ற பெயர்களையும் சந்தேகப்படுவார்கள். எழுதும் இறகைச் சீவுகிற கத்தி ஆயுதத்தில் சேராது. தலைக்கவசத்தின் கண் இடுக்கில் அது சரியாக நுழைந்தது. பிடியைக் குதிகாலால் இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது.

பிறகு கவசத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஆங்கெரானுக்குத் தாடி நரைத்துவிட்டது என்று கேள்வி. இவருக்கு இருபது வயதுகூட இருக்காது.

மறுநாள் காலை ஆங்கெரானே வெள்ளைக்கொடியோடு என்னைத் தேடி வந்தார். கையில் ஆயுதம் இல்லை.

"அந்த அங்கியில செத்தது என் தம்பிங்க. அவனுக்கு இதான் மொத சண்டை. உன் அங்கியப் போட்டுக்கிட்டா பயம் வராது அண்ணான்னு கேட்டான், குடுத்துட்டேன். முகத்த ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறேன்."

எனக்குப் பாவமாக இருந்தது, ஐயா, பொய் சொல்லவில்லை. பிணங்களைப் போட்டிருந்த குழிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுல இது என்ன காயம், இவ்வளவு சின்னதா?"

குனிந்த கழுத்து, கவசமும் இல்லை. இந்த முறை மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் பெயரைப் புதிதாக எழுதவும் வேண்டியிருக்கவில்லை. ஏட்டைப் புரட்டிப் பாருங்கள், ஒரு பொய் கிடையாது. தம்பியின் பெயரா? அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாததை நான் எழுதுவதில்லை.