கப்பல்காரர் கொடுத்த இரண்டு பீர்

மதுவிலக்கு நீங்கியிருந்த நாட்களில், செவிலிமேடு செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த கல்யாணச் சமையற்காரர், கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த தம் நண்பரிடம் கூறினார்:

“நேத்து நீ குடுத்த ஸ்காட்லாந்து பீர்லதான்பா என் நாக்கு திரும்பி வந்துது. டைபாய்டுக்கு அப்புறம் எத வாயில வெச்சாலும் வெறும் தண்ணியாத்தான் இருந்துது.”

“ரெண்டு பாட்டிலும் ஒண்ணுதான்னு மொதல்ல சொன்னியே?”

“ரெண்டாவது மடக்குல தெரிஞ்சுதுபா. ஒண்ணு வறுத்த கேவுரு மாவு மாதிரி, இன்னொண்ணு காந்திப்போன வெல்லப்பாகு மாதிரி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“நான் போதையில அழுவுறேன்னுல்ல நெனைச்சேன்.”

“முசரவாக்கம் கல்யாணச் சமையல வேணாம்னு சொல்ல இருந்தேன். காலையில போய் ஒத்துக்கினு வந்துட்டேன். மொதப் பந்தியில நீ உக்காரணும்.”

“உக்காந்து, உப்பு பாத்துச் சொல்லணுமா?”

“அத நான் பாத்துக்குவேன்பா. நீ சாப்டு.”