கிழியாத லேபிள்

லேபிள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு குப்பி இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்வேன். லேபிள் கோணலாக இருந்தால் முடியாது. அப்பா சிவகாசியில் லேபிள் அச்சடித்தவர். சீசனில் ஒரே பட்டாசு மூன்று பெயர்களில் லோடு ஏறும். "சரக்கு ஒண்ணுதாம்லே, லேபிள்தான் விக்குது" என்பார். தப்பாக ஒட்டியதை ஆவி காட்டிக் கிழியாமல் உரிக்க அவரிடம்தான் கற்றேன்.

நீங்கள் ஜாஸ்பினைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பெண். விருதுநகரில் என்னிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் பெண்களின் ரத்தத்தில், நுரையீரல் கெடத் தொடங்கும்போதே கசியும் ஒரு புரதத்தைத் தேடினாள். அதைப் பற்றிக்கொள்ள ஒரு ஆன்டிபாடி. பற்றினால், ரத்த மாதிரி ஏற்றிய மெல்லிய படலத்தில் கறுப்புக் கோடு விழும்.

அதே புரதத்தை வேறொரு ஆன்டிபாடியால் நான் ஏற்கெனவே அளந்திருந்தேன். அது எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதுதான், பயமில்லை என்று கட்டுரை எழுதினேன். கருத்தரங்குகளுக்கு என்னை அழைத்தது அதற்காகத்தான். ஜாஸ்பினுக்கோ மருந்து கலக்கும் பெண்களின் ரத்தத்தில் மட்டும் கோடு விழுந்தது. ஏழாயிரம்பண்ணை பஞ்சம்மாளின் ரத்தத்தில் எல்லோரையும்விடக் கறுப்பாக.

கோடு மட்டும் போதாது. ஆன்டிபாடி வேறு எதையாவது பற்றியிருக்கலாம். ஆகவே அந்தப் புரதத்தின் ஒரு சிறு துண்டைச் செயற்கையாகச் செய்து, ஆன்டிபாடிக்கு முன்கூட்டியே ஊட்டிவிட வேண்டும். தடுப்புப் பெப்டைடு என்போம். கை நிறைந்துவிட்ட ஆன்டிபாடி அப்புறம் ரத்தத்தில் அந்தப் புரதத்தைப் பற்றாது. கோடு மறைந்தால் உண்மை, நின்றால் பொய். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குப்பியும் வரும். அதே அமினோ அமிலங்கள், வரிசை மட்டும் கலைந்தது. அது எதையும் தடுக்காது. இரண்டும் வெள்ளைப் பொடி.

பெப்டைடு கம்பெனியிலிருந்து வந்த பார்சலை நான்தான் பிரித்தேன். ஜாஸ்பின் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தாள். நானே செய்து பார்த்தேன். கோடு மறைந்தது. அவ்வளவு சுத்தமான படலத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.

அவள் திரும்பி வந்து செய்தபோது கோடு மறையாமல் நின்றது. கலைந்த பெப்டைடில் மறைந்தது.

"சார், லேபிள் மாறியிருக்குமோ?"

"மாத்தி ஒட்டுறதுக்கு இது என்ன கம்பி மத்தாப்பாம்மா?"

சிரித்தாள். "ஒரு தடவ கம்பெனில கேட்டுப் பாருங்க சார். மறுபடி ஆர்டர் போட்டாலும் சரி."

கேட்டேன், சரியாகத்தான் இருக்கிறதாம் என்றேன். கேட்கவில்லை. மறு ஆர்டருக்குக் கையெழுத்தும் போடவில்லை.

அவள் விடவில்லை. புதிய கரைசல், புதிய படலம், மறுபடி அதே கோடு. தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக் கையுறையை மாற்றி மாற்றிப் போட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு முடிவை ஏற்றுக்கொள்ளத் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி நடத்துவது? என் ஆன்டிபாடிக்கு இந்தச் சோதனையை நான் செய்ததே இல்லை. யாரும் கேட்கவுமில்லை. இவளுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

கோடு உண்மை என்று உறுதியானால் அந்தப் பெண்களை மருந்து அறையிலிருந்து எடுத்து, மதுரைக்குச் சிகிச்சைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அது நின்றுபோனது.

பஞ்சம்மாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். ரத்தம் கொடுத்த அன்று, "பாத்து வையுங்க சாரு, வெடிச்சிரப் போவுது" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தவர். இப்போது படியேறி வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நெஞ்சுல மூட்டைய வச்ச மாரி இருக்கு சாரு. டெஸ்டுல என்ன வந்துச்சுன்னு சொன்னீகன்னா, வேலைல இருக்கவா நிக்கவான்னு முடிவு பண்ணிருவேன்."

"டெஸ்டுல ஒண்ணும் இல்லம்மா. தூசிதான்."

"அப்ப சீசன முடிச்சிரட்டா?"

"முடிச்சிருங்க."

"நல்லாருப்பீக. அந்த ஃபோர்மேன்கிட்ட லீவு கேக்குறதுக்கு மூச்சு முட்டியே சாவலாம். இனி கேக்க வேண்டியதில்ல."

ஜாஸ்பின் கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் படியிறங்கிப் போன பிறகும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

தீபாவளிக்கு முன்பே பஞ்சம்மாள் இறந்தார். மூச்சுதான். வெடி விபத்து இல்லை என்பதால் செய்தித்தாளில் வரவில்லை. ஜாஸ்பின் தன் உதவித்தொகையில் புதுப் பெப்டைடு வாங்கி, ஃப்ரீசரில் இருந்த அவர் ரத்தத்தில் செய்து பார்த்தாள். கோடு மறைந்தது. அவள் புகார் கொடுத்தாள், விசாரிக்க நீங்கள் வந்துவிட்டீர்கள்.

பெப்டைடைக் கெடுத்தேன் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். இரண்டு குப்பிகளிலும் பொடி வந்தது வந்தபடியே இருந்தது. கெட்டில் ஆவியில் லேபிள்களை உரித்து இடம் மாற்றினேன். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. கோடு உண்மை என்று தெரிந்துதான் செய்தேன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சரக்கில் கை வைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பஞ்சம்மாள் மேலும் நான் கை வைக்கவில்லை. நோயில்லை என்று ஒட்டி அனுப்பினேன், அவ்வளவுதான்.