உப்பில்லாத உருளைக்கிழங்கு

— ஆறவைக்கிற பெட்டிக் கதவுல கைய வைக்காதே ரூனே. உள்ள இன்னும் அறுபது டிகிரி இருக்கு.

— திறக்கலை மார்கிட். சூடு இறங்குதான்னு தொட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்.

— காலையிலேருந்து அதைத்தான் பாக்குற. நீ தடவிக் குடுத்தா கண்ணாடிக் கிண்ணம் சீக்கிரம் ஆறிடுமா? அம்பதுக்கு முன்னாடி திறந்தா விரிசல் விடும். போய் உக்காரு.

— நீ உக்காந்தியா? ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துக்கிட்டே இருக்க. தரை தேயுது. அட விடு, பாதித் தரை என்னோடது, அதான் சொன்னேன்.

— தரை பாதி, கூரை பாதி, உலை பாதி. உலையை எங்க வெட்டுறதுன்னு விவாகரத்து வக்கீலுக்கே விளங்கலை.

— அதனாலதானே பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியும் ஒரே உலை வாசல்ல ரெண்டு பேரும் வேர்த்துக்கிட்டு நிக்கிறோம்.

— இன்னியோட முடியுது. நாலு மணிக்கு பெர்கன் பட்டறையிலேருந்து, வேலைக்கு வரியான்னு கேட்டு உனக்கு போன் வரும்.

— கிண்ணம் தேன் நிறத்துல வந்திருந்தா.

— வந்திருக்கும்.

— வந்திருந்தா நார்வேக்குப் போறேன். வரலைன்னா சர்ச் வேலை முடியுற வரைக்கும் இங்கேயே இருக்கேன். பந்தயம் கட்டினது நீ. நான் கேக்கலை.

— என்ன பந்தயம்? நாப்பது விளக்குக் கிண்ணம், எல்லாம் தேன் நிறம் வேணும்னு பாதிரியம்மா கேட்டிருக்காங்க. கண்ணாடிக்கு மஞ்சள் ஏத்துற வெள்ளிப் பொடி வேலைன்னா எப்பவும் நீதான் ஊதுகுழாயைப் பிடிப்ப, நான் ஓடி ஓடி எடுத்துக் குடுப்பேன். நேத்துதான் முதல் தடவையா நான் பிடிச்சேன். எனக்கே கைவந்துட்டா உன்னை எதுக்கு இழுத்துப் பிடிச்சு வைக்கணும்?

— நியாயம்தான்.

— நியாயம்னா மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்க? சாப்பிடு. ஹெர்ரிங் மீன் உருக்கு உலை வாயிலேயே வெந்தாச்சு.

— ம். உருளைக்கிழங்குல உப்பே இல்லையே.

— டப்பா காலி. செவ்வாய்க்கிழமைதான் நிரப்பினேன். நீ எடுத்தியா?

— நானா? வாசப்படியில பனி உறைஞ்சு கிடந்துச்சே. உருகட்டும்னு தூவியிருப்பேன்.

— தூவியிருப்பியா, தூவினியா?

— அட விடு மார்கிட். மீன்ல வேண்டிய உப்பு இருக்கு, சேத்துச் சாப்பிடு. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து. மார்ச் மாசக் காத்து முதுகைக் குத்துது.

— நேத்து வெள்ளிப் புகை போகட்டும்னு திறந்தது. சாத்த மறந்துட்டேன்.

— நல்லதுதான். போன தடவை அந்தப் பழுப்புப் புகை தொண்டையைப் பிடிச்சு ரெண்டு நாள் நாய் மாதிரி குரைச்ச.

— குரைச்சவளுக்குத் தேனும் எலுமிச்சையும் கலக்கிக் குடுத்தது யாராம்?

— ஏதோ பழக்கதோஷம்.

— பெர்கன்ல வீடு பாத்தாச்சா?

— ஒரு ரூம். ஜன்னல் வழியா கடல் தெரியுமாம். மழை விட்டாத்தான் தெரியுமாம். மழை விடாதாம்.

— நல்லா இருக்கு, போ. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வெள்ளிப் பொடியை இடிச்சு இரும்புப் பலகையில பரப்பினது நீ. சூட்டுக் கண்ணாடியை அதுமேல உருட்டினது நான். தப்பா வந்திருந்தா பாதித் தப்பு உன்னோடது.

— அதுலயும் பாதியா?

— எல்லாத்துலயும். மணி என்ன?

— ரெண்டேகால். இப்பத்தான் கேட்ட.

— பாதிரியம்மா மூணு மணிக்கு வராங்க. சூட்டு முள் எங்க நிக்குது?

— அம்பத்தொண்ணு… அம்பது. திற.

— நீ திற.

— உன் கிண்ணம். நீதான் திறக்கணும்.

— தள்ளி நில்லு. மூச்சு கழுத்துல படுது.

— சீக்கிரம். வெளிச்சத்துக்குக் கொண்டு வா.

— மஞ்சள் இல்லை.

— திருப்பிப் பாரு.

— திருப்பிட்டேன். தண்ணி மாதிரி இருக்கு. அடியில லேசா மங்கல், அவ்வளவுதான். தேன் எங்க, வைக்கோல் நிறம்கூட இல்லை.

— அடடா. சரி, மனசை விட்டுடாதே. முதல் தடவை எனக்கும் இப்படித்தான் ஆச்சு. பெர்கன்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நாப்பது கிண்ணமும் முடியட்டும்.

— உனக்கு வருத்தமா இருக்கா?

— பின்னே? ரொம்ப.

— இதுவா வருத்தப்படுற மூஞ்சி? கிறிஸ்துமஸ் மரத்தடியில பொட்டலம் பிரிக்கிறவன் மாதிரி நிக்கிற. கையைக் காட்டு.

— எதுக்கு?

— காட்டு. ரெண்டு கையும். விரலை விரி.

— வெறும் கைதானே?

— அதைத்தான் கேக்குறேன், ஏன் வெறும் கை? கையுறை போடுற ஆளா நீ? வெள்ளிப் பொடியைத் தொட்ட மறுநாள், வெளிச்சம் பட்டதும் உன் விரல் கரி அள்ளின மாதிரி கறுத்துடும். கல்யாண போட்டோவுல கேக் வெட்டுற அந்தக் கையைப் பாத்து உங்கம்மா அழுதாங்க. எதைப் போட்டுத் தேய்ச்சாலும் ரெண்டு வாரத்துக்குப் போகாது. இன்னிக்கு மட்டும் பச்சக் குழந்தை விரல் மாதிரி இருக்கு.

— புது சோப்பு…

— ரூனே.

— ம்.

— பலகையில என்னத்தைப் பரப்பின?

— உருளைக்கிழங்குல எது இல்லையோ, அதை.

— என் கிண்ணத்துல சமையல் உப்பா!

— கத்தாதே. வெள்ளிப் பொடி அலமாரியில அப்படியே இருக்கு. நாளைக்கே உருட்டு, தேனா வரும். உன் கை என் கையைவிட நல்லாச் சுத்துது. வெறும் கண்ணாடியில நீ பழகுறதை ஒரு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன். அதான் பயம் வந்துடுச்சு. அந்த மழையூர்ல போய் யார் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்?

— இதை வாயால சொல்லியிருக்கலாம்.

— சொல்லத் தெரிஞ்சிருந்தா அந்த வக்கீலுக்கு ஏன் பணம் கட்டினோம்? வெக்கமா இருக்கு மார்கிட். மன்னிச்சுடு. பாதிரியம்மாகிட்ட தப்பு என்னோடதுன்னு நானே சொல்றேன். நாலு மணிக்கு பெர்கன்காரங்ககிட்ட வரேன்னு சொல்லிடுறேன்.

— கிண்ணம்தான் மஞ்சளா வரலையே.

— ஏமாத்தி ஜெயிச்சது செல்லாது. நீ ஏமாந்துட்ட.

— நான் ஏமாந்தேன்னு யார் சொன்னா?

— பின்னே?

— பதினேழு வருஷமா உன் பக்கத்துல நின்னு இருமினவ நான். நேத்து ஜன்னலை விரியத் திறந்து வச்சுட்டு உருட்டுறேன், பலகையிலேருந்து ஒரு இழைப் புகைகூட எழும்பலை. தெரிஞ்சுதான் உருட்டினேன்.